பழக்காய் வாசம்

டிசம்பர் 6, 2024, வெள்ளி
வண்டன்மேடு

கொலோனிலிருந்து மகள் போனில் சொல்லி அனுப்பிய செய்முறையை இன்று தாளில் எழுதிக்கொண்டேன். அவள் குடியிருக்கும் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு துருக்கி அம்மா இருக்கிறார். நர்ஸ் வேலையில் இரவு ஷிப்ட் முடிந்து இவள் படியேறும் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து கையில் ஒரு தட்டு குராபியே கொடுத்துவிடுவாராம். வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் பிசைந்து சுடுகிற, வாயில் வைத்ததும் உதிர்கிற பிஸ்கட் அது. விருந்தாளி வந்தாலும் பெருநாள் வந்தாலும் துருக்கி வீடுகளில் சுடுவார்கள். சிலர் பட்டை போடுவார்கள், சிலர் உச்சியில் ஒரு கிராம்பைக் குத்தி வைப்பார்கள்.

அந்த அம்மாவின் அப்பா ஃபோர்டு கார் ஆலை வேலைக்காகக் கொலோனுக்கு வந்தவர். 1961இல் துருக்கியும் மேற்கு ஜெர்மனியும் ஆள் எடுக்க ஒப்பந்தம் போட்ட பிறகு ரயிலேறிய கூட்டத்தில் ஒருவர். கேரளத்துப் பெண்பிள்ளைகள் கிறிஸ்தவ சபைகள் வழியாக ஜெர்மன் மருத்துவமனைகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அதே அறுபதுகளில்தான். பிழைக்கப் போன இரண்டு கூட்டத்தின் பிள்ளைகள் ஒரே மாடிப்படியில் பிஸ்கட் தட்டோடு பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெண்ணெய் 250 கிராம், பொடித்த சர்க்கரை 100, கார்ன்ஃப்ளார் 60, மைதா 300, உப்பு ஒரு சிட்டிகை. முட்டை கிடையாது, சோடா கிடையாது. அந்த அம்மா இதில் மஹலப் என்று ஒன்று சேர்க்கிறார். ஒருவகைக் காட்டுச் செர்ரிக் கொட்டையின் பருப்பாம். அது இங்கே கிடைக்காது. "அதுக்குப் பதிலா நம்ம ஏலக்காய் போடும்மா" என்றாள் மகள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஆமா, நம்ம வீட்டுல ஏலக்காய் வாசத்துக்காகவே ஒரு பலகாரம் செஞ்சு நான் பாத்ததே இல்லையே" என்றாள்.

செய்ததில்லைதான். மலை முழுக்க ஏலக்காடு. நல்ல காய் சாக்கில் ஏறிப் புற்றடிக்கு ஏலத்துக்குப் போய்விடும். சலித்து ஒதுக்கிய சிறுசும் சொத்தையும்தான் அஞ்சறைப்பெட்டிக்கு வரும். டீயில் ஒன்று தட்டிப் போடுவோம், அவ்வளவுதான். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் குராபியே சுடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இந்த மண்ணின் வாசம் அதில் முழுசாக இருக்கவேண்டும்.


டிசம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஸ்டோருக்குப் போனேன். காய் உலர்த்தும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நேற்று எடுத்த காய் தட்டுகளில் கிடந்தது. இந்த வருஷம் எல்லாத் தோட்டத்திலும் காய் குறைவு. மார்ச், ஏப்ரல் வெயிலில் தட்டை காய்ந்து சாய்ந்த செடிகள் இன்னும் தேறவில்லை. ஐந்து கிலோ, ஐந்தரைக் கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ வரும். அந்தப் பச்சையே குறைந்தால் என்ன செய்வது.

ஒரே சரத்தில் இளங்காய், கருங்காய், பழம் என்று மூன்று பருவமும் சேர்ந்து கிடக்கும். இளங்காயின் அரிசி, அதாவது உள்ளிருக்கும் விதை, வெளுத்திருக்கும், அதைத் தொடக்கூடாது. கருங்காய்க்குத் தோல் பச்சை, உள்ளே அரிசி கறுத்துவிட்டிருக்கும். அதுதான் எடுக்க வேண்டியது. பழத்துக்குத் தோல் மஞ்சளித்திருக்கும், உலர்த்தினால் வாய் பிளந்துகொள்ளும். காயெடுக்கிற பெண்களுக்கு இதையெல்லாம் கண் பார்க்கவே வேண்டாம், விரல் சொல்லிவிடும். செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படுத்திருக்கும் சரத்தைக் குனிந்தும் குத்தவைத்தும் விலக்கி, கருங்காயை மட்டும் கிள்ளிக்கொண்டே போவார்கள். ஒரு சுற்று முடிந்து அதே செடிக்குத் திரும்ப நாற்பது நாள் ஆகும். அதற்குள் கொஞ்சம் பழுத்துவிடும். பழக்காய் வருவது அப்படித்தான்.

பழக்காய்க்கு விலை இல்லை. வியாபாரி கேட்பது நிறம். பச்சை மாறாமல் இருக்க ஐம்பது டிகிரி சூட்டை ஒட்டி ஒரு ராத்திரியும் பகலுமாக நிதானமாக உலர்த்துகிறோம். சலவை சோடாக் கரைசலில் பத்து நிமிஷம் நனைத்தெடுப்பவர்களும் உண்டு. சவுதியில் காப்பிக்குக் காயைத் தோலோடு இடித்துப் போடுவதால் அங்கே பச்சைக்கும் பருமனுக்கும் மதிப்பு. அது நியாயம்தான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போனது அப்படிப்பட்ட காய்க்குத்தான்.

ஆனால் பிஸ்கட்டில் தோல் போகாதே. அரிசிதானே போகிறது.

ஒரு நல்ல எட்டு மில்லிமீட்டர் கருங்காயையும், ஓரம் பிளந்து வைக்கோல் நிறத்தில் கிடந்த ஒரு பழக்காயையும் எடுத்து அடுத்தடுத்து உரித்தேன். கருங்காய்க்குள் மூன்று அறையிலும் அரிசி நெருக்கிக் கிடந்தது. கடித்ததும் தைலம் போல மூக்கில் குளிர் ஏறியது. பழக்காய் அரிசி இன்னும் கறுப்பு. மேலே வரிவரியாகச் சுருக்கம், அரிசிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய சவ்வில் பிசுபிசுப்பு. கடித்தால் அந்தக் குளிர் பின்னால் நிற்கிறது. முதலில் வருவது பூவும் பழமும் கலந்த ஓர் இனிப்பு வாசம். ஏலத் தைலத்தில் சினியோல், டெர்பினைல் அசிடேட் என்று இரண்டு சத்துகள் முக்கியம். குளிர்ச்சி முதலாவதன் வேலை, இனிப்பு இரண்டாவதன் வேலை. அதுவும் இதுவும் அரிசிக்குள்தான் இருக்கிறது. தோல் அந்த வாசத்தைக் காக்கிற பெட்டி மட்டுமே. பெட்டி பிளந்துபோனால் மாசக்கணக்கில் தாங்காது, சீக்கிரம் செலவழிக்க வேண்டும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு அதில் என்ன கஷ்டம்?

வீட்டுக்காரரிடம் பழக்காயை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போடச் சொன்னேன். "விக்கிறதுக்கா?" என்றார். "திங்கிறதுக்கு" என்றேன்.


டிசம்பர் 10, செவ்வாய்

சாயங்காலம் சுட்டேன்.

இந்தக் குளிரில் வெண்ணெய் கல்லாக இருந்தது. அடுப்பில் வைத்து உருக்கக்கூடாது. உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது, பிஸ்கட் அப்பளமாகப் பரவிவிடும். சாதம் வடித்த பானைக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்தேன். விரல் வைத்தால் குழி விழுந்து நிற்கும் பதம் வந்தது. சர்க்கரைப் பொடியைப் போட்டு வெளுத்து வரும்வரை மரக்கரண்டியால் அடித்தேன். பழக்காய் இருபது உரித்து, அரிசியோடு ஒரு ஸ்பூன் சர்க்கரை சேர்த்து உரலில் இடித்தேன். சர்க்கரை இருந்தால்தான் அரிசி வழுக்கி ஓடாமல் மைய இடிபடும், தைலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். முந்தின நாளே இடித்து வைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இடித்த ஏலக்காய்க்கு ஆயுசு குறைச்சல்.

பட்டைத்தூள் அரை ஸ்பூன், கிராம்பு இரண்டு இடித்தது. மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் சலித்துப் போட்டு, மாவு சேர்ந்து வந்ததும் கையை எடுத்துவிட்டேன். சப்பாத்திக்குப் பிசைவது போல அழுத்திப் பிசைந்தால் மாவில் ஜவ்வு ஏறும், பிறகு அது உதிராது. துருக்கியில் வாதுமையோ வால்நட்டோ போடும் இடத்தில் இங்கே குறுணை முந்திரி. எலுமிச்சங்காய் அளவு உருட்டி, லேசாக அமுக்கி, நடுவில் ஒவ்வொரு கிராம்பு.

அவனில் 160 டிகிரி. மேலே நிறம் ஏறக்கூடாது என்பதை மகள் இரண்டு தடவை சொன்னாள். நாம் பொன்னிறம் பார்த்துப் பழகிய ஆட்கள், கை சும்மா இருக்காது. பதினெட்டாவது நிமிஷம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடி மட்டும் கோதுமை நிறம், மேலே வெள்ளை. உடனே எடுத்தேன். சுடச்சுடத் தொட்டால் நொறுங்கும், தட்டிலேயே ஆறவிட வேண்டும். ஆறினதும் மேலே சர்க்கரைத்தூள்.


டிசம்பர் 11, புதன்

நேற்று சாப்பிட்டதைவிட இன்று காலை சாப்பிட்டது நன்றாக இருக்கிறது. ராத்திரி முழுக்க டப்பாவுக்குள் கிடந்ததில் வாசம் வெண்ணெயில் இறங்கியிருக்கிறது. மைசூர்பாகிலும் இப்படித்தான், மறுநாள்தான் நெய் பேசும். இனி எப்போதும் ஒரு நாள் முன்னால் சுடுவது.

பட்டைதான் சரியில்லை. தொண்டையில் காரமாக நிற்கிறது.


டிசம்பர் 14, சனி
குமுளி

மழையோடு மழையாகக் குமுளி வந்தேன், பட்டைக்காக.

தெருவில் இரண்டு பக்கமும் மசாலாக் கடைகள். பட்டை என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது தடித்த, ஒற்றைச் சுருளாக மரப்பட்டை மாதிரி இருக்கும் சரக்கு. அது காசியா, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து இறங்குவது. குருமாவுக்கும் பிரியாணிக்கும் அது சரி. எனக்கு வேண்டியது இலவங்கப்பட்டை. காகிதம் போல மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் நொறுக்கலாம், காரம் குறைவு, வாசம் மென்மை. நாலாவது கடையில் கிடைத்தது. பின்வீட்டு மரத்தில் உரித்ததாம்.

காசியாவில் கூமரின் அதிகம். ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் சுடும் பட்டை நட்சத்திர பிஸ்கட்டுகளைப் பற்றி 2006இல் அந்நாட்டு அரசு ஆய்வு நிறுவனமே எச்சரிக்கை கொடுத்தது. அதிகமாகத் தின்றால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும் என்று. மகளுக்கு அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரிலேயே கூட வேலை செய்பவர்கள் சொல்லிவிட்டார்களாம். நாம் பட்டை விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எது பட்டை என்று பார்த்து வாங்காமல் இருப்பது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. ரூபாய் கூடத்தான், ஆனால் ஒரு தடவைக்கு அரை ஸ்பூன்தானே செலவாகிறது.

இஸ்தான்புல்லில் 1660களில் கட்டிய மசாலாச் சந்தைக்கு எகிப்துச் சந்தை என்றே பெயர். மலையாளக் கரையில் ஏற்றிய மிளகும் மற்றதும் செங்கடல் தாண்டி, எகிப்து வழியாக அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த வீடுகளில் பிஸ்கட்டுக்குள் பட்டையும் கிராம்பும் நுழைந்ததற்குப் பின்னால் நம் கடல்பக்கத்து மூட்டைகள் இருக்கின்றன. நான் செய்வது ஏதோ அந்நியப் பண்டம் என்று எனக்குத் தோன்றாததற்கு இதுவும் காரணம்.


டிசம்பர் 16, திங்கள்
வண்டன்மேடு

விடியுமுன் கம்பத்திலிருந்து கிளம்பும் ஜீப்பில் வந்து, கம்பம்மெட்டு ஏறி, காயெடுக்கும் பெண்கள் இன்று எங்கள் தோட்டத்தில். பதினோரு மணி டீக்கு நேற்று சுட்டதைத் தூக்கில் போட்டுக்கொண்டு போனேன். ஏலச்செடி நிழலில் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காய்ப் பிசின் ஏறி எல்லோருடைய விரல்நுனியும் கறுத்திருந்தது.

ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். "யக்கா, இதென்ன வாயில போட்டதும் காணாமப் போகுது?" என்றது இளைய பெண். இன்னொருத்தி கிராம்பைத் தனியாக எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள், பல்வலிக்கு ஆகும் என்று. எல்லோரிலும் மூத்த ஆத்தா மட்டும் ரொம்ப நேரம் மென்றுகொண்டிருந்தார்.

"நம்ம காயா ஆத்தா இது?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

"ஆமா ஆத்தா. பழக்காய்."

"கல்யாணங்கட்டி வந்த நாள்லேருந்து இந்தக் காயத்தான் பிடுங்குறேன். வாய்க்குள்ள இது போறது விசேச வீட்டுப் பாயாசத்துல மட்டுந்தான். பொங்கலுக்குக்கூட கம்பத்துக் கடையில பத்து ரூவா பாக்கெட்டு வாங்கித்தான் போடுறது. அதுல வாசமே இருக்காது."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. ஒரு காய் விடாமல் கை அறிந்தவர். கருங்காய்க்கும் பழத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்ததே இவர் வயசுப் பெண்கள்தான். ஜீப் கிளம்புமுன் டப்பாவில் இருந்த பழக்காயை ஆளுக்கு ஒரு பிடி காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். பொங்கல் வரை வாசம் இருக்கும், காற்றுப் புகாமல் வையுங்கள் என்றேன். இனிமேல் ஒவ்வொரு சுற்றுக்கும் பழக்காய் இவர்களுக்கு என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. எப்படியும் விலை இல்லாததுதானே என்றார். விலை இல்லை என்பதால் கொடுக்கவில்லை, வாசம் இருக்கிறது என்பதால் கொடுக்கிறேன் என்று விளக்கினேன். யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆத்தா போகும்போது ஒரு யோசனை சொன்னார். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுப் பார்க்கச் சொல்லி. போடலாம், ஆனால் கருப்பட்டியில் ஈரம் உண்டு. நன்றாகக் காயவைத்துச் சீவிப் பொடித்துத்தான் சேர்க்கவேண்டும்.


டிசம்பர் 19, வியாழன்
கொழிஞ்சாம்பாறை

தேனி, ஒட்டன்சத்திரம், உடுமலை, பொள்ளாச்சி. பஸ் மாறி மாறி வந்து சேர அந்தி சாய்ந்துவிட்டது. தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு கேரளத்திலிருந்து கேரளத்துக்கு வருவது எங்களுக்குப் பழக்கம். மலைக்காற்று போய்ப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பனைமரங்களைக் கண்டதும்தான் அம்மா வீடு வந்த நினைப்பு வரும்.

அம்மா பால் சங்கத்துக்கு ஊற்றியது போக மிச்சத்தைத் தயிராக்கி, வெண்ணெய் எடுத்து உருண்டையாகத் தண்ணீரில் மிதக்கவிட்டு வைத்திருந்தார். "கடை வெண்ணெய் எதுக்குங் கண்ணு?" என்று. வீட்டு வெண்ணெயில் மோரும் நீரும் அதிகம், மாவு ஜவ்வாகும். கிணற்றுத் தண்ணீரில் நாலு தரம் அலசி, வேட்டித் துணியில் கட்டிப் பிழிந்தேன். அதற்கப்புறம் நல்ல வெண்ணெய். கடை வெண்ணெயில் இல்லாத லேசான புளிப்பு ஒன்று இருக்கிறது. பட்டைக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மலையில் வெண்ணெயை இளக்குவது பாடு. இங்கே அதை உருகாமல் காப்பது பாடு. மாவை உருட்டி அரை மணி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் சூட்டில் வைக்கவேண்டும்.

அம்மாவின் அச்சுமுறுக்கும் கலகலாவும் ஏற்கெனவே டின்னில். வாசல் நிறைய வந்துபோகிறவர்கள். இங்கே இருப்பது ஒரு சின்ன அவன், அதில் சுட்டால் ஊருக்குக் காணாது. முக்கு பேக்கரியில் போர்மா இருக்கிறது, விறகு போட்டு எரிக்கிற பழைய செங்கல் அடுப்பு. கேட்டுப் பார்க்கவேண்டும்.


டிசம்பர் 21, சனி

பேக்கரிக்காரர் உடனே சம்மதித்தார். "சேச்சி, ராத்திரி ரொட்டி எடுத்து முடிச்சப்புறம் வாங்க. அப்பதான் சூடு உங்க பிஸ்கட்டுக்குச் சரியா வரும்."

அதில் இருக்கும் கணக்கை இன்று நேரில் பார்த்தேன். உள்ளே விறகை எரித்துச் செங்கல் முழுக்கச் சூடேறியதும் கங்கை இழுத்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். ஈரத்துணிக் கோலால் தரையைத் துடைக்கிறார்கள். முதல் சூட்டில் ரொட்டி. சூடு இறங்க இறங்க பன், அப்புறம் பிஸ்கட், கடைசி மிச்சத்தில் விடியும்வரை ரஸ்க். தெர்மாமீட்டர் கிடையாது. ஒரு சிட்டிகை மைதாவைத் தரையில் தூவி அது நிறம் மாறும் நேரத்தை மனசுக்குள் எண்ணிவிட்டு, "வைக்கலாம்" என்றார். நீளத் துடுப்பில் தட்டுகள் உள்ளே போயின. எங்கள் அவனில் ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். இங்கே எல்லாத் தட்டும் ஒரே வெளுப்பில் வந்தன. நான்கு பக்கச் செங்கல்லும் ஒரே நிதானத்தில் சூட்டை விடுகிறது. ஓரத்தில் விறகுப் புகையின் வாசம், இருந்தும் இல்லாத மாதிரி.

காத்திருந்த நேரத்தில் தலச்சேரி மாம்பள்ளி பாப்புவின் கதையைச் சொன்னார். கேரளத்தில் பேக்கரி வைத்திருப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்றுவந்த பாப்பு 1880இல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி தொடங்கினார். 1883இல் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்துத் துரை மர்டோக் பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி, இதேபோல் செய்யமுடியுமா என்று கேட்டார். மாகேயின் பிரெஞ்சு பிராந்தி வாங்கிப் போடச் சொன்னாராம். பாப்பு முந்திரிப்பழமும் கதலிப்பழமும் ஊறவைத்து இறக்கிய நாட்டுச் சரக்கைச் சேர்த்தார். துரைக்கு அது பிடித்துப்போய் ஒரு டஜனுக்கு ஆர்டர் கொடுத்தார். கேட்டது பட்டைத் தோட்டக்காரர், செய்தவர் உள்ளூர்ப் பொருளை நம்பியவர். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான். அவர் மஹலப் கிடைக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கமாட்டார்.


டிசம்பர் 23, திங்கள்

பொட்டலம் போட்டு வீடுவீடாகக் கொடுத்தாயிற்று. கோயில் பாட்டுக்குழுப் பிள்ளைகளுக்கு ஒரு டின். மகள் வீடியோவில் வந்தாள், பக்கத்தில் துருக்கி அம்மா. ஒன்றை உடைத்துக் காட்டச் சொன்னார். உடைத்தேன். உதிர்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தட்டினார். வெட்டுவாயில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தது என்ன என்று மகளிடம் விசாரித்து, ஏலக்காய் என்று தெரிந்ததும் அவருக்கும் வேண்டும் என்றார். பழக்காய் அரைக் கிலோ அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் பேக்கரிக்காரர் வீட்டுக்கே வந்தார். அவர் நெய் பிஸ்கட்டுக்கு இத்தனை நாளும் ஏலக்காய் எசன்ஸ்தான். முந்தாநாள் எடுத்துவைத்த நாலு பிஸ்கட்டைத் தின்றதிலிருந்து மனசு கேட்கவில்லையாம். "அந்த மஞ்சக்காய் எனக்கு மாசம் ரெண்டு கிலோ தருவீங்களா சேச்சி? பச்சையா இருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல, நான் அரிசியத்தானே போடுறேன்."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். காயெடுக்கும் பெண்களுக்குப் போக மிச்சம் எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்தோம். இரண்டு கிலோ எல்லாச் சுற்றிலும் தேறாது, ஒன்றரை தேறலாம். ஏலத்தில் அதற்கு என்ன கிடைக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூடச் சொன்னார் இவர். பேக்கரிக்காரர் பேரம் பேசவில்லை. ஜனவரி முதல் சுற்றுக் காய் உலர்ந்ததும் பொள்ளாச்சி பஸ்ஸில் அனுப்பச் சொல்லி, முன்பணம் ஐந்நூறு ரூபாய் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.